சூடுவதற்கு ஒரு மலர், சாத்துவதற்கு ஒரு மலர்
நவராத்திரி நகைகளில் இடம்பிடிக்கும் பாலிமர் களிமண் பூக்கள்

நவராத்திரியின் ஒன்பது இரவுகளிலும் அம்மன் ஆலயங்களின் மகாமண்டபம் மலர் மணத்தில் மிதக்கும். கோலாலம்பூர் ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயமாகட்டும், சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில் வீற்றிருக்கும் ஸ்ரீ வீரமாகாளியம்மன் ஆலயமாகட்டும், மாலை வேளையில் உள்ளே நுழையும் அன்பர்களை முதலில் வரவேற்பது மல்லிகையின் வாசனைதான். அம்மனின் திருமேனியிலே மல்லிகை. வழிபட வந்த மங்கையரின் கூந்தலிலே மல்லிகை. அண்மை ஆண்டுகளில் மற்றோர் இடத்திலும் மல்லிகை தென்படத் தொடங்கியிருக்கிறது. அது செவியிலே தோடாகவும், கழுத்திலே ஆரமாகவும், விரலிலே மோதிரமாகவும் பூத்திருக்கிறது. கூந்தலில் உள்ளது இரவு பத்து மணிக்குள் பழுப்பேறிச் சோர்ந்துவிடும். செவியில் உள்ளதோ பத்தாம் நாளாகிய விசயதசமியன்றும் முதல் நாள் இருந்தபடியே இருக்கும். ஏனெனில் அது செடியில் பூத்ததன்று. பாலிமர் களிமண்ணைக் கையால் உருட்டி, இதழ் இதழாக விரித்து, சூட்டில் பதப்படுத்திச் செய்த பூ.

தங்கத்தின் விலை ஏறியிருக்கும் ஏற்றத்தில், நாலு பேர் கூடுமிடத்திற்குக் கனத்த நகைகளை அணிந்து செல்லப் பலரும் தயங்குகிறார்கள். கொலுவுக்கு அழைக்கப்படும் ஒன்பது வீடுகளுக்கும் ஒரே நகையை அணிவதற்கும் மனம் ஒப்புவதில்லை. சேலையின் நிறத்திற்கு ஏற்ற பூ, தானே செய்த பூ, காதை இழுக்காத பூ என்னும்போது இந்தக் கைவினை இல்லங்களுக்குள் புகுந்ததில் வியப்பில்லை. பொன் தண்ணீரைப் போல் ஏறத்தாழ 19 மடங்கு கனமானது. பெரிய பொன் ஜிமிக்கியைப் பல்லாண்டு சுமந்த பாட்டிமாரின் செவித்துளையைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கனத்தின் பொருள் விளங்கும். பாலிமர் களிமண் பூவோ அணிந்திருப்பதே தெரியாத அளவுக்கு இலேசானது.

ஆனால், இந்தப் பூவைப் பற்றிப் பக்தர்கள் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது அதன் பெயரிலேயே ஒளிந்திருக்கிறது.

பெயரில் மண், பொருளில் நெகிழி

களிமண் என்ற சொல்லைக் கேட்டதும் குயவரின் சக்கரமும், பிள்ளையார் சதுர்த்திக்குப் பிடித்து வைக்கும் மண் பிள்ளையாரும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. பாலிமர் களிமண்ணுக்கும் அந்த மண்ணுக்கும் பிசையலாம், உருட்டலாம் என்பதைத் தவிர உறவு ஏதும் இல்லை. இதன் அடிப்படை பி.வி.சி. எனப்படும் நெகிழி, தண்ணீர்க் குழாய்கள் செய்யப் பயன்படும் அதே இனம். அதன் நுண்துகள்களோடு மென்மையூட்டும் திரவமும் நிறமியும் சேர்ந்து மாவுபோல் குழைந்திருக்கின்றன. சூடு பட்டதும் அந்தத் துகள்கள் திரவத்தை உறிஞ்சி ஒன்றோடொன்று உருகி ஒட்டிக்கொள்கின்றன. அதனால்தான் அது உலர்வதில்லை, "வேகிறது". தண்ணீரில் கரைவதும் இல்லை.

இதை விளக்கிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்ணம் அழகாக இருக்கிறது, பிடிக்கவும் எளிது என்று எண்ணி இதிலே பிள்ளையார் செய்து, சதுர்த்தி முடிந்ததும் ஆற்றிலோ கடலிலோ கரைக்க முற்பட்டால் அவர் கரையமாட்டார். நீருக்குச் சென்ற நெகிழியாகவே கிடப்பார். நீர்நிலையில் மண் மண்ணோடு சேர வேண்டும் என்பதே அந்த வழிபாட்டின் கருத்து. பெயர் ஒன்றாக இருப்பதால் பொருளும் ஒன்று என்று கொள்வது தவறு. அதேபோல், தமிழ்நாட்டில் பெயர் பெற்று இங்கும் அணியப்படுகின்ற சுடுமண் நகைகளும் வேறு வகை. அவை உண்மையான மண்ணைப் பல நூறு டிகிரி வெப்பத்தில் சுட்டுச் செய்யப்படுபவை. நவராத்திரி விற்பனை மேசைகளில் இரண்டையும் "மண் நகை" என்ற ஒரே அட்டையின் கீழ் அடுக்கிவைப்பது வாங்குவோருக்குச் செய்யும் நியாயமன்று.

பொம்மை வீட்டில் பிறந்த பொருள்

பொம்மைகளின் திருவிழாவாகிய நவராத்திரிக்கும் இந்தப் பொருளுக்கும் எதிர்பாராத ஒரு பொருத்தம் இருக்கிறது. இதன் வரலாறு ஒரு பொம்மை வீட்டில் தொடங்குகிறது. ஜெர்மனியில் கேத்தே குருசே என்ற அம்மையார் குழந்தைகளுக்கான பொம்மைகள் செய்வதில் பெரும்புகழ் பெற்றவர். 1930களின் இறுதியில் பொம்மை செய்வதற்கான மூலப்பொருள்களுக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, மாற்றுப் பொருளைத் தேடும் முயற்சி நடந்தது. அப்போது கைக்கு வந்த செயற்கைப் பொருள் பொம்மைத் தொழிற்கூடத்திற்கு ஏற்றதாக அமையவில்லை. ஆயினும் அம்மையாரின் மகள் அதை விட்டுவிடவில்லை. வீட்டில் 'ஃபிஃபி' என்று செல்லமாக அழைக்கப்பட்ட அவர், கைக்குள் குழையும் களியாக அதைப் பக்குவப்படுத்தினார். 1964இல் எபர்ஹார்டு ஃபேபர் நிறுவனம் அதை வாங்கியது. அதுதான் இன்று கைவினைக் கடைகளில் 'ஃபிமோ' என்ற பெயரில் கிடைக்கும் களிமண். ஃபிஃபியின் முதலெழுத்து அந்தப் பெயருக்குள் இன்றும் இருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் அமெரிக்காவில் உருவான 'ஸ்கல்பி'யின் கதை இன்னும் வேடிக்கையானது. மின்மாற்றிகளின் வெப்பத்தைக் கடத்துவதற்காக ஆக்கப்பட்ட பொருள் அது. அந்த வேலைக்கு உதவாமல் போய், உருவம் பிடிக்க உகந்தது என்று பின்னரே கண்டறியப்பட்டது. மின்மாற்றிக்கு ஆகாதது மல்லிகைக்கு ஆயிற்று!

பண்ருட்டியிலும், காஞ்சிபுரத்திலும், மதுரையை அடுத்த விளாச்சேரியிலும் செய்யப்படும் மண் பொம்மைகளையும் காகிதக்கூழ் பொம்மைகளையும் வாங்கி வந்து கொலுப் படிகளில் அடுக்கும் நம் குடும்பங்கள், அவற்றின் அருகில் இந்தப் பொருளுக்கும் ஓர் இடம் தருவதில் தவறில்லை. கொலுப் பொம்மையின் கழுத்துக்கு ஒரு சிறு மாலையும், மரப்பாச்சியின் கொண்டைக்கு ஒரு பூவும் இதில் செய்யலாம். குழந்தைகளுக்கு அதுவே நல்ல தொடக்கம்.

அம்மனுக்குச் சாத்தலாமா?

பக்தர்களின் மனத்தில் எழும் கேள்வி இதுதான். வாடாத பூவாக இருக்கிறதே, இதை அம்மனுக்குச் சாத்தலாகாதா? சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் மல்லிகை பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வானூர்தியில் வந்து இறங்குகிறது. பண்டிகைக் காலத்தில் அதன் விலை எந்த அளவுக்கு ஏறும் என்பதைத் தேக்காவிலும் பிரிக்பீல்ட்ஸிலும் பூக்கடை முன் நின்றவர்கள் அறிவார்கள். ஒரு முறை செய்து பல ஆண்டு சாத்தினால் செலவும் மிச்சமல்லவா என்று எண்ணத் தோன்றும்.

வாடாத பூக்கள் நம் மரபுக்குப் புதியவை அல்ல என்பது மெய்தான். தஞ்சாவூரின் நெட்டி வேலைக் கலைஞர்கள் நீர்ச்செடியின் வெண்ணிறத் தண்டைச் சீவிப் பூவும் மாலையும் செய்கிறார்கள். சந்தன மாலையும் ஏலக்காய் மாலையும் நம் விழாக்களில் வழங்குபவை. பொன்மலராலும் வெள்ளிமலராலும் இறைவனுக்கு அருச்சனை செய்யும் வழக்கமும் உண்டு. நகைகளிலோ கேட்கவே வேண்டாம். மல்லிகை மொட்டு மாலை, அரும்பு மாலை என்று பெயரிலேயே பூவைத் தாங்கிய பொன்னாரங்களை நம் பெண்கள் தலைமுறை தலைமுறையாக அணிந்து வந்திருக்கிறார்கள். நாகர்கோவிலை அடுத்த வடசேரியின் கோயில் நகைகளில் சிவப்புக் கல் பதித்த தாமரையைக் காணாதிருப்பது அரிது.

ஆயினும் பூசைக்குரிய பூவின் இலக்கணம் வேறு. கீழே விழுந்த பூ ஆகாது, முகர்ந்த பூ ஆகாது, முதல் நாள் வாடிய பூ ஆகாது என்று பெரியோர் வகுத்தது, அன்றலர்ந்ததை அன்றே கொடுக்க வேண்டும் என்பதற்காகத்தான். காலையில் சாத்திய மாலை நிர்மாலியமாகக் களையப்படும். மறுநாள் மீண்டும் ஒருவர் தொடுக்க வேண்டும். அந்த அன்றாடப் பணியே வழிபாட்டின் ஒரு பகுதி. பொன்மலர் என்பது தனக்கென வைத்துக்கொள்ளக்கூடிய செல்வத்தைத் திருவடியில் வைப்பது. நெகிழிப் பூவைச் சாத்துவதோ பூக்காரருக்குக் கொடுக்க வேண்டியதையும், தொடுப்பதற்குச் செலவிட வேண்டிய நேரத்தையும் மிச்சம் பிடிப்பதாகவே முடியும். ஆலய நடைமுறையை அந்தந்த ஆலயத்தின் குருக்களே சொல்ல வேண்டும். வீட்டுப் பூசையறையிலும்கூட இதை அருச்சனைப் பூவின் இடத்தில் வைக்காதிருப்பதே முறை என்று தோன்றுகிறது.

அழகுக்காகக் குத்துவிளக்கின் தண்டைச் சுற்றியும், ஆரத்தித் தட்டின் விளிம்பிலும் இந்தப் பூக்களை ஒட்டும் பழக்கம் சில வீடுகளில் காணப்படுகிறது. இதைத் தவிர்ப்பது மிக அவசியம். தீச்சுடர் பட்டால் பி.வி.சி. கருகி, கண்ணையும் தொண்டையையும் எரிக்கும் புகையைக் கக்கும். கர்ப்பூரம் ஏற்றும் தட்டில் அதற்கு இடமே இல்லை.

சாத்துவதற்கு ஆகாத பூ, சூடுவதற்கு மிக நன்று. சொல்லப்போனால் அதிலே ஒரு வசதியும் இருக்கிறது. சிவபூசைக்கு விலக்கப்பட்ட தாழம்பூவையும்கூடத் தயக்கமின்றிக் கூந்தல் அணியாகச் செய்து சூடிக்கொள்ளலாம்.

ஒரு மல்லிகை பிறக்கும் விதம்

பாலிமர் களிமண்ணில் பூச்செய்யக் கற்பவர்கள் பெரும்பாலும் ரோஜாவில்தான் தொடங்குகிறார்கள். நடுவில் ஒரு மொட்டை உருட்டி, தட்டையாக்கிய இதழ்களை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றிக்கொண்டே போனால் ரோஜா வந்துவிடும். இதழ் கோணினாலும் ரோஜா மன்னித்துவிடும். மல்லிகை மன்னிக்காது. நம் கண்ணுக்கு மிகப் பழகிய பூ அது. சிறு பிழையும் உடனே தெரிந்துவிடும்.

ஆகவே, முதலில் செய்ய வேண்டியது ஒரு முழம் பூ வாங்கி வந்து, அதிலே ஒன்றைப் பிரித்து வெள்ளைத் தாளில் வைத்துப் பார்ப்பது. நாள்தோறும் சூடியிருந்தும், அதற்கு எத்தனை இதழ் என்று கேட்டால் திகைப்பவர்களே அதிகம். குண்டுமல்லிக்கு இதழ்கள் அடுக்கடுக்காக இருக்கும். பிச்சி என்றும் அழைக்கப்படும் ஜாதிமல்லிக்குப் பெரும்பாலும் ஐந்தே இதழ்கள். அதன் மொட்டின் வெளிப்புறத்தில் மெல்லிய செந்நிறம் ஓடும். அடியில் நீண்ட குழலும் உண்டு. அந்தக் குழலை விட்டுவிட்டு ஐந்து இதழை மட்டும் ஒட்டினால் அது எந்தப் பூவாகவும் இருக்கும், மல்லிகையாக இராது.

தொடங்குவதற்கு ஏற்றது ஜாதிமல்லி. நன்றாகப் பிசைந்து இளகிய வெள்ளைக் களிமண்ணில் துவரம்பருப்பு அளவு எடுத்து, ஒரு முனை பருத்து மறுமுனை கூரிய துளி வடிவில் உருட்டிக்கொள்ள வேண்டும். பருத்த முனையைச் சிறு கத்தரிக்கோலால் ஐந்தாகப் பிளக்க வேண்டும். பிளந்த ஒவ்வொரு பகுதியையும் விரல் நுனியால் மெல்ல அழுத்தி, பல்குச்சியை உருட்டி விரித்தால் இதழ் பிறக்கும். இதழின் ஓரம் மெல்லியதாகவும் அடி சற்றுத் தடித்தும் இருக்க வேண்டும். எங்கும் ஒரே தடிப்பாக இருந்தால் பொத்தான் போல் தோன்றும். எங்கும் மெலிந்தால் பிறகு உடையும். கூரிய மறுமுனையே மல்லிகையின் குழல். ஒட்டுவேலை ஏதுமின்றி ஒரே துண்டிலிருந்து எழுவதால் இந்தப் பூ உறுதியாகவும் இருக்கும். சர்க்கரைப் பூக்களால் கேக்கை அலங்கரிப்பவர்களும் இதே முறையைக் கையாள்கிறார்கள்.

வெள்ளை நிறம்தான் இதிலே பெரும் சோதனை. தூசு, தலைமுடி, உடுத்தியிருக்கும் துணியின் நூலிழை ஆகிய அனைத்தையும் அது காந்தம்போல் இழுத்துக்கொள்ளும். கறுப்புச் சேலை உடுத்திக்கொண்டு வெள்ளை மல்லிகை செய்ய உட்காருவது வம்பை விலைக்கு வாங்குவதாகும். அனுபவமுள்ளவர்கள் கைகளை ஈரத்தாளால் அடிக்கடி துடைத்துக்கொள்வார்கள். வெள்ளைப் பூக்களை முடித்த பின்னரே சிவப்பைத் தொடுவார்கள். செம்பருத்தி செய்த கையோடு மல்லிகையைத் தொட்டால் மல்லிகை நாணிச் சிவந்துவிடும்.

இன்னொரு நுட்பமும் உண்டு. அப்பட்டமான வெள்ளை உயிரற்றதாகத் தோன்றும். சுவரில் அடித்த சுண்ணாம்பைப் போலிருக்கும். உண்மையான மல்லிகை இதழ் ஒளியைச் சிறிது உள்ளே விடும். ஒளி ஊடுருவும் வகைக் களிமண்ணை வெள்ளையோடு சிறிதளவு கலந்தால் அந்த மென்மை வந்துவிடும். குழலின் அடியில் ஊசிமுனையளவு வெளிர்பச்சை தீட்டினால் போதும், முகர்ந்து பார்க்கத் தோன்றும்.

இந்த நாட்டு வெப்பமும் கணக்கில் கொள்ள வேண்டியதே. குளிர்நாடுகளில் எழுதப்பட்ட செய்முறைக் குறிப்புகள், களிமண்ணைக் கைச்சூட்டில் நெடுநேரம் பிசையச் சொல்லும். இங்கோ பிற்பகல் வேளையில் அது தானாகவே இளகி விரலில் ஒட்டும். சில நிமிடம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுத்தால் இதழ் நிற்கும். வெயிலில் நிறுத்திய காரில் களிமண் பொட்டலத்தை விட்டுச் சென்றால் பாதி வெந்த கட்டியாகத் திரும்பக் கிடைக்கும். அதே வேளையில், காற்றில் உலரும் களிமண் வகைகளுக்கு இங்குள்ள ஈரப்பதம் தரும் தொல்லை பாலிமர் களிமண்ணுக்கு இல்லை.

ஓவனில் தோற்பவை

பொறுமையாகச் செய்த பூக்களில் பல உடைந்துபோவதற்குக் காரணம் கைத்திறன் குறைவன்று. சூட்டுக் கணக்கின் தவறு. கருகிவிடுமோ என்ற அச்சத்தில் பலர் ஐந்து, பத்து நிமிடத்தில் எடுத்துவிடுகிறார்கள். வெளியே கெட்டியாகத் தோன்றினாலும் உள்ளே துகள்கள் முழுமையாக ஒன்றியிராது. அப்படிப்பட்ட பூ, சேலைத் தலைப்பு பட்டாலே இதழை இழந்துவிடும்.

ஃபிமோ களிமண்ணுக்கு 110 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் என்றும், ஸ்கல்பி வகைக்கு 130 டிகிரி செல்சியஸில் 6 மில்லிமீட்டர் தடிப்புக்கு 15 முதல் 30 நிமிடம் என்றும் தயாரிப்பாளர்கள் குறித்திருக்கிறார்கள். பொட்டலத்தில் உள்ளதைப் படித்து அதன்படி செய்வதே முறை. ஒரு வகைக்குரிய கணக்கை மற்றொன்றுக்குப் பயன்படுத்தலாகாது. வீட்டுச் சிறு ஓவன்களின் திருகில் உள்ள எண்ணை நம்புவதற்கில்லை. தனியே ஒரு வெப்பமானி வாங்கி உள்ளே வைப்பது, நகைக்குப் பயன்படும் கற்களை வாங்குவதைவிட முதன்மையான செலவு. பூக்களைப் பீங்கான் ஓட்டின்மீது வைத்து, மேலே அலுமினியத் தாளைக் கூடாரம்போல் கவிழ்த்தால் வெள்ளை பழுப்பேறாது. விரிந்த இதழ்கள் தொய்யாமலிருக்கச் சோளமாவைப் பரப்பி அதன்மேல் அமர்த்துவோரும் உண்டு. பிறகு தூரிகையால் தட்டிவிடலாம்.

சூடாக இருக்கும்போது பூ மென்மையாகவே இருக்கும். வேகவில்லை என்று எண்ணி மறுபடி சூட்டை ஏற்றுவது பலரும் செய்யும் தவறு. முழுமையாக ஆறிய பின்பே கெட்டித் தன்மையை அறிய முடியும். நன்கு வெந்த மெல்லிய இதழ் சிறிது வளையும், வேகாதது ஒடியும்.

இனி, இல்லத்தரசிகள் கட்டாயம் கவனத்தில் கொள்ள வேண்டியது. ஏறத்தாழ 175 டிகிரியைத் தாண்டினால் பி.வி.சி. சிதைந்து, ஹைட்ரஜன் குளோரைடு என்னும் காட்டமான வாயுவை வெளியிடத் தொடங்கும். நெடி எழுந்தால் உடனே ஓவனை அணைத்து, சன்னல்களைத் திறந்து, குழந்தைகளை வெளியே அனுப்பிவிட வேண்டும். மைக்ரோவேவில் இதை வைக்கவே கூடாது. களிமண்ணைத் தேய்க்கப் பயன்படுத்திய சப்பாத்திக் கட்டையும், கத்தியும், தட்டும் மீண்டும் சமையலுக்குத் திரும்பலாகாது. நைவேத்தியம் சமைக்கும் வீட்டில் இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மென்மையூட்டிகளில் தாலேட்டு எனப்படும் சில வகைகளைக் குழந்தைகளின் பொருள்களில் பயன்படுத்த அமெரிக்கா 2008இல் தடை விதித்தது. அந்த வேதிப்பொருள்கள் கலவாதவை என்று குறிக்கப்பட்ட பொட்டலங்களைத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஆண்டுக்கணக்கில் அலமாரியில் கிடந்த பழைய பொட்டலத்தைக் குழந்தைகளின் கையில் கொடுக்க வேண்டாம்.

வெண்டைக்காய்க்குள் ஒரு பூ

மல்லிகை கைவந்தவர்களுக்கு மற்ற பூக்கள் தாமே வழிவிடும். பவளமல்லி மிகப் பொருத்தமான தோட்டுப்பூ. காற்றாடிபோல் சற்றே திரும்பிய வெள்ளை இதழ்களும், நடுவே செம்மஞ்சள் கண்ணுமாக இருக்கும். கீழே விழுந்தும் பூசைக்கு உரிய பெருமை பெற்ற மலர் அது. 1960இல் மலேசியாவின் தேசிய மலராக அறிவிக்கப்பட்ட செம்பருத்தி, காளிதேவிக்கும் உகந்தது. ஐந்து அகன்ற இதழ்களைவிட, நடுவிலிருந்து நீளும் மகரந்தத் தண்டே அதற்கு முகம். மெல்லிய கம்பியின்மீது களிமண்ணைப் போர்த்தி, நுனியில் மஞ்சள் புள்ளிகளை ஊசியால் ஒவ்வொன்றாக ஒட்ட வேண்டும். பெரிய பூவாதலால் பதக்கத்திற்கு நன்று, தோட்டுக்கு ஆகாது. செய்வதற்கு மிக எளியது ஈழத்தலரி. ஆனால் கம்போஜா என்று மலாய்க்காரர்கள் அழைக்கும் இந்தப் பூவை இடுகாட்டோடு தொடர்புபடுத்தும் எண்ணம் மலேசியாவில் உண்டு. ஆகவே அண்டை வீட்டாருக்குப் பரிசளிக்கும்போது வேறு மலரைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

தாமரை இதழில் அடியில் வெண்மையும் நுனியில் செம்மையுமாக நிறம் மெல்ல மெல்ல மாறும். இதற்கு அமெரிக்கக் கலைஞர் ஜூடித் ஸ்கின்னரின் பெயரால் வழங்கும் முறை உதவுகிறது. இரு நிறக் களிமண்ணை முக்கோணங்களாக அருகருகே வைத்து, ஒரே திசையில் மடித்து மடித்து உருளைக்குள் செலுத்தினால், நிறங்கள் இடைவெளியின்றி ஒன்றிலிருந்து மற்றொன்றாக மாறிவிடும்.

நீண்ட ஆரத்திற்கு ஐம்பது மணிகள் வேண்டும், ஒவ்வொன்றிலும் ஒரே பூ இருக்க வேண்டும் என்றால் வேறொரு வழி உண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஒவ்வொரு வில்லையிலும் ஒரு பூ தெரிகிறதல்லவா? அதே தத்துவம்தான். பல நிறத் தண்டுகளைப் பூ வடிவில் அடுக்கிக் கட்டாக்கி, அழுத்தி நீட்டினால், உள்ளேயுள்ள பூ சிறுத்துக்கொண்டே தண்டு முழுவதும் ஓடும். பிறகு கூரிய பிளேடால் வில்லை வில்லையாக அரிய வேண்டியதுதான். இத்தாலியின் வெனிஸ் நகரத்துக் கண்ணாடிக் கலைஞர்களிடமிருந்து வந்த முறை இது. அவர்கள் இதற்கு இட்ட பெயரின் பொருள் 'ஆயிரம் மலர்கள்'.

அணிவோருக்கும் விற்போருக்கும்

பாலிமர் களிமண் உலோகத்தோடு தானாக ஒட்டாது. எனவே கொக்கியின் கம்பி முனையை வளைத்துப் பூவுக்குள் புதைக்க வேண்டும். நேராகச் செருகினால் கூட்டத்தில் எங்கோ கழன்று விழும். செவித்துளை புண்ணாகும் இயல்புள்ளவர்களுக்குத் துருவுறா எஃகுக் கொக்கி ஏற்றது. நகப்பூச்சை அழிக்கும் திரவம் பட்டால் இதழ் பிசுபிசுத்துக் கரையும். நகப்பூச்சு வேலைகளை முடித்த பின்பே இந்த நகைகளை எடுக்க வேண்டும்.

ஆலயத் திருப்பணிக்கு நிதி திரட்டவும், குடும்ப வருவாய்க்குத் துணையாகவும் இந்த நகைகளை விற்கும் மகளிர் இருக்கிறார்கள். ஒரு ஜோடி ஜாதிமல்லித் தோட்டுக்குச் செலவாகும் களிமண் சில காசு பெறும். விலை பெறுவது கையும் கண்ணும். அச்சில் அழுத்தி ஆயிரக்கணக்கில் வரும் நெகிழிப் பூக்களோடு விலையில் போட்டியிட முயன்றால் கைவினையாளர் தோற்பது உறுதி. வாங்குபவர்களும் பூவைத் திருப்பிப் பின்புறத்தைப் பார்க்கட்டும். இரண்டு இதழ்கள் சற்றே வேறுபட்டிருந்தால் குறையென்று ஒதுக்கிவிட வேண்டாம். கொடியில் பூத்த மல்லிகையிலும் அச்சாக ஒன்றுபோல் இரண்டு பூக்கள் இருப்பதில்லை.

விழாவுக்கெனச் செய்பவர்கள் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டியது ஒன்று. சரசுவதி பூசையன்று நூல்களோடு தொழிற்கருவிகளும் பூசையில் அமர்ந்துவிடும். கத்தரிக்கோலையும், பிளேடையும், உருளையையும் அன்று தொடுவதற்கில்லை. ஆகவே வாங்கிய முன்பதிவுகளை எட்டாம் நாளுக்குள் முடித்துவிட வேண்டும். மறுநாள் விசயதசமியில் கருவிகளை எடுத்து, வீட்டுப் பிள்ளைகளின் கையில் துவரம்பருப்பு அளவு வெள்ளைக் களிமண்ணைக் கொடுக்கலாம். முன்னதாக ஒரு ஜாதிமல்லியையும் கொடுத்து, இதழ்களை எண்ணச் சொல்லலாம்.

அன்றிரவு ஆலயத்திலிருந்து திரும்பியதும், கூந்தலிலிருந்து எடுத்த வாடிய சரம் வழக்கம்போல் துளசித் தொட்டிக்கோ செடியின் அடிக்கோ போய்ச் சேரும். செவியில் பூத்ததை மென்துணியால் துடைத்து, பருத்தித் துணி விரித்த பெட்டியில் வைக்க வேண்டும். செய்து முடிக்காமல் எஞ்சிய பச்சைக் களிமண்ணை மட்டும் கண்ணாடிபோல் கடினமான நெகிழிப் பெட்டிகளில் போட்டு வைக்க வேண்டாம். அதிலுள்ள மென்மையூட்டி அத்தகைய சில பெட்டிகளை அரித்துவிடும். மெழுகுத்தாளில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைத்தால் அடுத்த நவராத்திரிக்கும் உதவும்.